நோயாளியின் ஏடு எவர் கையில்?

(நிலாவெளியில் உழவர்களும் பல்துறைத் தொழிலறிஞர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியவர்கள் வைத்தியசாலைக் கணினியைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காணி, மொழி, தேர்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசினால் அது அரசியல். மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசினால் அது அரசியல் அன்று என்று நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் தவறானது. ஒரு மனிதனைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது, எந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறது, அதை எவர் திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் எவர் திருத்தலாம் என்பவை அரசியற் கேள்விகளே. அவ்வெழுத்தால் அம்மனிதனின் உயிர் தப்பவும் கூடும், போகவும் கூடும் என்றால் அதனினும் பெரிய அரசியல் வேறெது?

நிலாவெளியிலோ குச்சவெளியிலோ ஒருவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் போகிறார். அங்கிருந்து பத்து மைல் தள்ளித் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார். அங்கும் இயலாவிடின் மட்டக்களப்பு, அநுராதபுரம், கொழும்பு என்று பயணம் நீளுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய தாள் திறக்கப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் அதே கேள்விகள்: என்ன நோய், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நோயாளி பதில் சொல்ல வேண்டும்; அல்லது பதறிக்கொண்டிருக்கும் மனைவி சொல்ல வேண்டும். அவர்கள் கையில் இருப்பது ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடிந்து கிழிந்த கிளினிக் கொப்பி, பழைய மருந்துத் துண்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வைத்தியசாலையை விட்டு வரும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, ஓர் எக்ஸ்ரே படம். அந்தப் பைதான் இன்றும் நம்மிற் பெரும்பாலோரின் சுகாதாரத் தகவல் அமைப்பு! அதைச் சுமந்து திரியும் நோயாளியே அதன் தபாற்காரன்.

அந்தப் பையை நாம் இகழவில்லை. பிள்ளை பிறந்தவுடன் தாயின் கையில் கொடுக்கப்படும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பாருங்கள். தடுப்பூசித் திகதிகளும் நிறைவளர்ச்சிக் கோடும் அதில் உள்ளன. அதை நகைப் பெட்டிக்குள் வைத்துக் காக்கும் தாய்மாரை நாம் அறிவோம். ஏடு மக்களின் கையில் இருக்க வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டின் தாய் சேய் நலச் சேவை நெடுங்காலமாக நடைமுறையிற் காட்டி வந்திருக்கிறது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆயினும் இந்த மாவட்டத்தில் தாளின் கதி என்ன? 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது; நிலாவெளிக் கரையில் வீட்டோடு பெட்டியும் பெட்டியோடு பத்திரங்களும் போயின. அதற்கு முன் 1990 இல் ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து பிள்ளைகளைத் தோளிற் சுமந்து நடந்த முஸ்லிம், தமிழ்க் குடும்பங்கள் கிளினிக் கொப்பியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்காக மருந்து எடுத்தவர்கள் முகாமின் மருந்து வரிசையில் நின்று, "வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய குளிசை, ஐயா" என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. உலகில் வெள்ளை நிறத்தில் எத்தனை குளிசைகள்!

ஆதலின் நனையாத, எரியாத, தொலையாத ஏடு ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு இம்மாவட்டத்து மக்களுக்கு உள்ள உரிமை வேறெவருக்கும் குறைந்ததன்று. கணினி வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. அது வர வேண்டும், விரைந்து வர வேண்டும். எப்படி வர வேண்டும் என்பதே நாம் பேச வந்த பொருள்.

முதலில் அது செய்யக்கூடிய நன்மையைச் சொல்லிவிடுவோம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அது தெரியும் என்று கொள்வோம். "எனக்குப் பெனிசிலின் ஆகாது" என்று அவர் சொல்லவும் செய்வார். ஆனால் சீட்டில் எழுதப்படுவது அமொக்சிசிலின். அதுவும் பெனிசிலின் குடும்பத்ததே என்பதை அவர் எப்படி அறிவார்? நூறு பேர் வரிசையில் நிற்க, களைத்துப்போன ஓர் இளம் வைத்தியர் ஒரு கணம் மறந்தாற் போதும். கணினிக்குக் களைப்பில்லை. ஒத்துக்கொள்ளாத மருந்து ஒருமுறை பதியப்பட்டிருந்தால், அக்குடும்பத்தைச் சேர்ந்த எந்த மருந்தை எழுதினாலும் அது நிறுத்தி எச்சரிக்கும்படி அமைக்கலாம். மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து உண்டு. மூட்டு வாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொடுக்கப்படுவது. அதை நாள்தோறும் விழுங்கி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. சீட்டில் "வாரம்" என்னும் ஒரு சொல் தெளிவில்லாமற் போனதன் விளைவு அது. நாள்தோறும் என்று பதிய முயன்றால் ஏற்க மறுக்கும் கணினி அந்த உயிர்களைக் காக்கும்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் நோயாளியின் கைப்பட்டியிலும் மருந்திலும் கோட்டுக் குறியீடு அச்சிட்டு, இரண்டும் பொருந்திய பின்னரே மருந்து கொடுக்கும் முறையை ஏற்படுத்தினார்கள். நேரந் தவறுதல் தவிர்ந்த ஏனைய மருந்து கொடுக்கும் பிழைகள் 41 வீதம் குறைந்தன என்று 2010 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நோய் பரவும்போதும் தகவலின் வேகமே உயிர். 2017 மார்ச்சில் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். எந்தத் தெருவில் முதல் நோயாளி என்னும் செய்தி தபாலில் நடந்து போவதற்கும் அன்றே மருத்துவ அதிகாரியின் மேசைக்குப் போவதற்கும் உள்ள வேறுபாடு, நுளம்பு ஒரு தலைமுறை பெருகுவதற்கும் பெருகாமல் தடுப்பதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இது நம்மால் முடியுமா என்று ஐயுற வேண்டியதில்லை. கம்பஹா மாவட்டத்துத் தொம்பே வைத்தியசாலை 2010களின் தொடக்கத்திலேயே நோயாளர் பதிவு முதல் மருந்து வழங்கல் வரை கணினியிற் கொண்டுவந்து காட்டியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வைத்தியர்களுக்கே இத்துறையில் முதுமாணிக் கல்வி அளித்து வருகிறது. 2020 இன் தொடக்கத்தில், கொரோனாத் தொற்று உலகைச் சூழத் தொடங்கிய முதல் வாரங்களிலேயே, ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் திறந்த மென்பொருளைக் கொண்டு விமான நிலையத்தில் வந்திறங்குவோரைக் கண்காணிக்கும் முறையை இலங்கை நிபுணர்கள் ஆக்கினார்கள். அதைப் பின்னர் வேறு பல நாடுகளும் தழுவிக்கொண்டன. ஆதலின் அறிவு இங்கே இருக்கிறது. அது கிழக்குக் கரைக்கு வரும்போது எந்த வடிவில் வருகிறது என்பதுதான் கேள்வி.

பெயரிலிருந்து தொடங்குவோம். பெயர் சிறிய விஷயமன்று.

நம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு முதியவரின் பத்திரக் கட்டை அண்மையில் விரித்துப் பார்த்தோம். அவர் பெயர் தமிழில் தியாகராசா, ஐயமில்லை. ஆங்கிலத்தில் ஒரு வைத்தியசாலைத் தாளில் அது ஒரு விதமாய் இருந்தது. இன்னொன்றில் நடுவே ஒரு 'வை' புகுந்திருந்தது. மூன்றாவதில் ஈற்று 'எச்' காணாமற் போயிருந்தது. நான்காவதில் அவர் தியாகராஜாவும் அல்லர், தந்தையாராகவே மாறிவிட்டார். எப்படி? படிவத்தில் முதற் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. எழுதுவினைஞர் முன்னே இருந்ததை முதற் பெயராகப் பதிந்துவிட்டார். வரிசையில் இறந்துபோன தந்தையாரின் பெயர் கூப்பிடப்பட, மகன் தன்னை அல்ல என்று எண்ணி வாங்கிலிலேயே அமர்ந்திருந்தாராம். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் கணினியின் கண்ணுக்கு அங்கே நால்வர் இருக்கிறார்கள். முதலாமவருக்கு ஒவ்வாத மருந்து எது என்பது நான்காமவரின் பக்கத்தில் இல்லை!

இந்த இடர் தமிழருக்கு மட்டும் உரியதன்று. முகம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாய் எழுதலாம் என்று கிண்ணியாச் சகோதரர்களைக் கேளுங்கள். பண்டா என்றும் ஹாமி என்றும் முடியும் பெயர்களைத் தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் ஆங்கிலத்திற் பதியும்போது பதவி சிறிபுரத்துச் சிங்கள விவசாயிக்கும் இதே கதி நேரலாம். சிறுநீரக நோயால் வாடும் அம்மக்களுக்குப் பிழையற்ற ஏடு நம்மைக் காட்டிலும் அவசரமானது என்றே சொல்வோம்.

மருந்து என்ன? சுகாதார அமைச்சின் தரநிலைகளிலேயே அது உண்டு. தனிநபர் சுகாதார இலக்கம் என்பது 11 இடங்கள் கொண்டது. அதன் ஈற்றிலக்கம் ஏனையவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. இடையே ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்தால் கணக்குப் பொருந்தாது. கணினி உடனே மறுத்துவிடும். ஆள் மாறாட்டத்தைத் தடுக்க இதனினும் மலிவான காவல் இல்லை. ஒருவருக்கு ஒருமுறை கொடுத்த இலக்கம் நிலாவெளியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதே இலக்கமாக ஏற்கப்பட வேண்டும். அதனுடன் பெயர் தமிழ் எழுத்திலும் பதியப்பட வேண்டும். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றுவது கடினம் என்று எவரேனும் சொன்னால், இலங்கைத் தரநிலைகள் நிறுவனம் 2008 இலேயே அதற்கான தரநிலையை வெளியிட்டுவிட்டது என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

மொழிக்கு வருவோம். 1956 இல் நம் மொழிக்கு நேர்ந்ததை இந்த மேடையில் மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988 இன் பதினாறாந் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைப் பேணுவதற்கும் அரச நிறுவனங்களின் கருமங்களை ஆற்றுவதற்கும் உரிய நிர்வாக மொழி தமிழ் என்று அது கூறுகிறது. பொதுப் பதிவேடுகள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அரச வைத்தியசாலை வைத்திருக்கும் பதிவேடு பொதுப் பதிவேடு அன்றெனின் வேறெது?

அதற்காக, வைத்தியர் தம் குறிப்புகளைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நாம் வம்புக்கு நிற்கவில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது. நள்ளிரவில் பணியிலிருக்கும் வைத்தியர் சிங்களவராய் இருக்கலாம். நோயாளியை நாளை கொழும்பில் ஏற்பவரும் அக்குறிப்பைப் படிக்க வேண்டும். வைத்தியரும் வைத்தியரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் நோயாளியின் கையில் கொடுப்பது நோயாளியின் மொழியில் இருந்தே ஆக வேண்டும். மருந்து உறையின் மேல் இலத்தீன் சுருக்கெழுத்தைக் கிறுக்கிக் கொடுப்பதற்கு இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. கணினியில் உள்ள மருந்துப் பட்டியலிலிருந்து "காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின்" என்று தமிழிலோ சிங்களத்திலோ அச்சிட்டுக் கொடுப்பதற்கு மேலதிகமாக ஒரு விரலசைவும் தேவையில்லை. ஒருமுறை மொழிபெயர்த்து வைத்தால் நாடு முழுவதற்கும் பயன்படும். சிங்கள மாவட்டங்களில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கு இது நம்மிலும் பெரிய உதவியாகும்.

இனி, நம்மைப் போன்ற சட்டத்தார் அதிகமாகக் கவலைப்படும் இடம். கணினி பிழை செய்யாது என்பது ஒரு மூட நம்பிக்கை. பிழையை அது நேர்த்தியான எழுத்தில், ஐயத்துக்கு இடமில்லாத தோற்றத்தில் செய்யும், அதுதான் வேறுபாடு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையில் மருந்துக் கட்டளைகளைக் கணினி வழி இடும் முறையை ஆறே நாட்களில் புகுத்தினார்கள். வேறிடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் இறப்பு வீதம் 2.80 இலிருந்து 6.57 ஆக உயர்ந்தது என்று 2005 இல் வந்த ஆய்வு தெரிவித்தது. பிள்ளை வந்து சேர்ந்து பெயர் பதியப்படும் வரை மருந்துக் கட்டளை இட முடியவில்லை. கட்டிலருகே நின்ற கைகள் கணினியருகே போயின. கருவியைக் குறை சொல்வதா? தாதியரையும் வைத்தியரையும் கேளாமல் அவசரமாய்த் திணித்தவர்களையே குறை சொல்ல வேண்டும். நம் வைத்தியசாலைகளில் தாதியருக்கு இருக்கும் வேலைப் பளுவை அறிந்தவர்கள், ஆள் சேர்க்காமல் கணினியை மட்டும் சேர்ப்பதன் ஆபத்தை உணர்வார்கள்.

பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் கதை இன்னும் கொடிது. கணக்குக் கணினி காட்டிய பொய்யான குறைவை நம்பி, 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். 2024 இல் பாராளுமன்றமே சட்டமியற்றி அத்தீர்ப்புகளைத் துடைக்க வேண்டியதாயிற்று. நீதிபதிகள் ஏன் ஏமாந்தார்கள்? கணினி சரியாக இயங்கியது என்று அனுமானிக்கும்படி அந்நாட்டுச் சான்று விதி இருந்தது. நம் நாட்டில்? 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் 21 ஆம் பிரிவும், மாறாக மெய்ப்பிக்கப்படாவிடின், இலத்திரனியற் பதிவிலுள்ள தகவலை உண்மையென்றே நீதிமன்றம் அனுமானிக்க வழி செய்கிறது. வணிகத்துக்கு இது நன்று. ஆனால் ஒரு விதவைத் தாயின் மகனுக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று கணினி காட்டுவதை மறுப்பதற்கு அத்தாயிடம் என்ன சான்று இருக்கும்? பதிவை எவர் எப்போது எழுதினார், பின்னர் எவர் எப்போது திருத்தினார் என்னும் அழிக்கவொண்ணாத அடித்தடம் அப்பதிவினுள்ளேயே இருந்தாலன்றி அவளுக்குச் சான்று இல்லை.

வழக்குப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்னும் வழக்கைச் சட்ட மாணவர் யாவரும் படிக்கிறார்கள். 1992 இல் இறந்த ஒரு குழந்தையைப் பற்றிய அவ்வழக்கு 2001 இல்தான் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. கவனக்குறைவே மரணத்தை விளைவித்தது என்பதை மெய்ப்பிக்க இயலாமல் தந்தையார் தோற்றார். தலைநகரத்தில் செல்வாக்குடன் வழக்காடியவருக்கே அது நிலையென்றால், வெங்காயப் பாத்தியை ஈடு வைத்து வழக்காடும் நிலாவெளி விவசாயிக்கு நீதிமன்றம் எவ்வளவு தூரம்! வழக்கு, பிணத்தின் பின்னே வருவது. நல்ல ஏடு, நோயாளியின் முன்னே செல்வது. வழக்கறிஞராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறோம்.

தாய்மார்களே, இதுவரை சொன்னவற்றை வேறு மாவட்டங்களிலும் பேசலாம். இனிச் சொல்வது நம் மக்களுக்கே உரியது.

போர்க்காலத்தில் உடலில் ஷெல் துண்டு பாய்ந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேர். சிலருக்கு அதை எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர் விட்டுவிட்டார்கள். துண்டு உள்ளேயே இருக்கிறது. இத்தகைய ஒருவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அனுப்பினால் என்னாகும்? அக்கருவி மிக வலிய காந்தம். உள்ளே இருப்பது இரும்பானால் அது அசையக்கூடும். கண்ணருகே, மூளையருகே, முள்ளந்தண்டருகே இருந்தால் கண் போகும், கை கால் போகும், உயிரும் போகும். ஆகவே கருவிக்குள் அனுப்புமுன், "உடலில் உலோகத் துண்டு ஏதும் உண்டா?" என்று கேட்பது உலகெங்கும் உள்ள விதி.

அந்தக் கேள்விக்கு நம் மக்கள் என்ன பதில் சொல்வார்கள்? "எங்கே காயப்பட்டாய், எப்போது காயப்பட்டாய், எந்தப் பக்கம் நின்றாய்" என்ற கேள்விகளை வேறு இடங்களில் வேறு சீருடையினரிடம் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கொழும்பில் தங்கியிருந்த தமிழர்கள் பொலிசில் பெயர் பதிய வேண்டியிருந்த காலத்தை மறந்தா போனார்கள்? "இல்லை, ஐயா" என்று சொல்லிவிடுவார்கள். வாயால் சொன்ன அந்த "இல்லை" காற்றோடு போகும். கணினியில் ஏறிய "இல்லை" அடுத்த வைத்தியரையும் ஏமாற்றும். உண்மை எழுதப்பட்டால் உயிருக்குக் காவல். எழுதப்பட்டது பிறர் கைக்குப் போனால் வாழ்வுக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே நம் மக்கள் நிற்கிறார்கள். இதே அச்சம் மனநோய்க்கு மருந்தெடுக்கும் இளைஞனுக்கும், கருச்சிதைவுக்கு ஆளான பெண்ணுக்கும் வேறு காரணங்களால் உண்டு. அச்சம் இருக்கும்வரை கணினிக்குள் பொய்தான் சேரும். பொய் சேர்ந்த கணினி தாளைவிட அபாயமானது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் காப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை அதில் உண்டு. நல்ல சட்டம். ஆனால் அதன் முக்கிய ஏற்பாடுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் பிற்போடப்பட்டன. தேசப் பாதுகாப்பு என்னும் கதவும் அதிலே திறந்தே இருக்கிறது. அக்கதவு வழியாக என்னென்ன நுழையும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எசுத்தோனியா என்று ஐரோப்பாவில் ஒரு சிறு நாடு. அதன் மக்கள் தொகை பதின்மூன்று இலட்சத்துக்குச் சற்றே கூடுதல். பேரரசு ஒன்றின் கீழ் அடக்குமுறையை அனுபவித்த மக்கள். பதிவேடு என்றாலே அஞ்சியவர்கள். அங்கே 2008 முதல் நாடளாவிய சுகாதாரப் பதிவு நடைமுறையில் இருக்கிறது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏன்? தன் ஏட்டை எவர் திறந்து பார்த்தார் என்பதை ஒவ்வொருவரும் தாமே பார்க்கலாம். காரணமில்லாமல் திறந்தவர் பதில் சொல்ல வேண்டும். நாம் கேட்பதும் அதுவே. அரசாங்கம் நம்மைப் பார்க்கலாமெனில், பார்க்கும் அரசாங்கத்தை நாமும் பார்க்க வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றிப் பொலிசாரோ படையினரோ எந்த நோயாளியின் ஏட்டையும் திறக்கலாகாது என்பது வாய்மொழி உறுதியாக அன்றி எழுத்திலான விதியாக வர வேண்டும்.

ஏடு தொலையாமல் இருப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். 2021 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச கணினிச் சேமிப்பிலிருந்து அழிந்தன. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் வைத்தியசாலை தாக்கப்பட்டு நாட்கணக்காகக் கையெழுத்திலேயே இயங்கியது. மின்சாரமோ, சொல்ல வேண்டாம். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததென்று நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது! அமைச்சரே சொன்ன காரணம் அது. குரங்கு ஒன்றுக்குத் தாங்காத ஏட்டை நம்பித் தாளை எறிந்துவிட முடியுமா? ஒவ்வொரு வருகையின் முடிவிலும் ஒரு பக்கச் சுருக்கம் அச்சிட்டு நோயாளி கையில் கொடுத்தே ஆக வேண்டும்: இலக்கம், தமிழ்ப் பெயர், நோய், மருந்து, ஒவ்வாதவை. பொலித்தீன் பை தொடர்ந்து இருக்கட்டும். அதற்குள் ஐம்பது துண்டுகளுக்குப் பதிலாக ஒரு தாள் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் எவரிடம் கேட்பது? பதின்மூன்றாந் திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் சிறப்புத் தேவைக்கானவையும் நீங்கலாக, பொது வைத்தியசாலைகளை அமைப்பதும் பேணுவதும் மாகாண சபையின் அதிகாரம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக மக்கள் தெரிந்த உறுப்பினரின்றி ஆளுநரே மாகாணத்தை நடத்தினார். எந்தக் கணினி, எந்த மொழி, எவர் பொறுப்பு என்று கேட்கும் மன்றமே இல்லாமற் போனதன் விலையை நாம் இப்படியும் கொடுத்து வந்திருக்கிறோம். ஆனால் மன்றம் இல்லை என்பதால் வாய் இல்லை என்றாகாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவை வெளியிட மறுக்கும் விதிவிலக்கு அச்சட்டத்தில் உண்டு. ஆயினும் உரியவர் எழுத்தில் சம்மதித்தால் அவ்விலக்கு நீங்கும். அவரவர் ஏட்டைக் கேட்போர் சம்மதத்தையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

இங்குள்ள தொழிலறிஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். கணினி அறிந்த ஆசிரியர்களும் இளைஞர்களும் மருந்து உறையில் வரவேண்டிய தமிழ் வாசகங்களின் பட்டியலை மருந்தாளர்களுடன் அமர்ந்து ஆக்கிக் கொடுங்கள். கொழும்பு செய்து தரும் வரை காத்திருந்தால், "உணவுக்குப் பின்" என்பது எந்த அலங்கோலத் தமிழாக வருமோ! உழவர்களிடம் கேட்பது இன்னும் எளியது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து தாள்களைப் பரப்புங்கள். ஒரே ஆளுக்கு எத்தனை விதமாய்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். உடலில் துண்டு இருப்பவர்கள், அஞ்ச வேண்டாம், அதை மட்டுமாவது வைத்தியரிடம் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்பும் தகவல் விண்ணப்பம் முன்வரிசை மேசையில் இருக்கிறது. அதில் நான்கே கேள்விகள்: இம்மாவட்டத்தின் எந்தெந்த வைத்தியசாலையில் கணினிப் பதிவு உள்ளது, அதில் பெயர் தமிழில் ஏறுகிறதா, ஏட்டைத் திறந்தவர்களின் பட்டியல் பேணப்படுகிறதா, நோயாளி கேட்டால் அது கொடுக்கப்படுமா? கையெழுத்திடுபவர்கள் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதுங்கள். எழுத இயலாத தாய்மாருக்குப் பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலை பதிவுத் தபாலில் அது போகும்.